ஆவணியும் சிராவணமும்



ஆவணி என்னும் திங்களின் பெயரைக் குறித்து இன்று சிறிது ஆராய்வோம். மும்பை மாநகரில் வாழும் நம் இல்லங்களில் இப்பெயர் ஒரு வினாவை எழுப்புவதுண்டு. 2025-ஆம் ஆண்டில் ஆகஸ்டு 9-ஆம் நாள் யசுர் வேதத்தார்க்கு ஆவணி அவிட்டம் வந்தது. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் பலர் அன்று பூணூல் மாற்றிக்கொண்டனர். ஆனால் தமிழ் நாள்காட்டியோ அன்று ஆடி 24 என்று காட்டிற்று. அண்டை வீட்டு மராட்டியர் அதனைச் சிராவண மாதம் என்றனர். ஆடியில் ஆவணி அவிட்டம் வருவது எங்ஙனம் என்று பிள்ளைகள் வினவினால் நாம் கூறும் விடை யாது? பஞ்சாங்கத்தில் அவ்வாறு உள்ளது என்று கூறி அமைந்துவிடலாம். ஆயின், பள்ளியிலும் தெருவிலும் மராட்டி மாதப் பெயர்களையே கேட்டு வளரும் பிள்ளைகளுக்குத் தமிழ்த் திங்களின் பெயர்கள் நாளடைவில் பொருளற்ற ஒலிகளாகிவிடும்.

விடை அப்பெயரிலேயே அடங்கியுள்ளது. நம் திங்களின் பெயர்கள் பெரும்பாலும் விண்மீன்களை ஒட்டிப் பிறந்தவை. எந்த மீனின் அருகே மதி நிறைகின்றதோ, அந்த மீனின் பெயரே அத்திங்களுக்கு ஆயிற்று. சித்திரை, விசாகம், கார்த்திகை ஆகியவற்றை நோக்கினால் இது விளங்கும். ஆவணிக்கு உரிய மீன் திருவோணம். ஒரே வரிசையில் நிற்கும் மூன்று மீன்களுள் நடுவே ஒளிமிக்கது அது. மேனாட்டார் அதனை ஆல்டேர் என்பர். வடமொழியில் அதன் பெயர் சிரவணம். சிரவணத்தில் மதி நிறையும் மாதம் சிராவணம்.

சிராவணம் என்னும் சொல் பாகதத்தில் சாவணம் என மெலிந்து, தமிழில் முதற் சகரமும் மறைய, ஆவணி ஆயிற்று என்பர் மொழி நூலார். சகஸ்ரம் ஆயிரம் என்று ஆனதும், சிரவணம் ஓணம் என்று ஆனதும் இவ்வழியேதான். ஆகவே நம் வீட்டு ஆவணியும் அண்டை வீட்டுச் சிராவணமும் வேர் ஒன்றாகிய இரு வடிவங்களே.

பெயர் ஒன்றாயின் நாள் வேறுபடுவது ஏன்? மராட்டியர் மாதத்தை மதியைக் கொண்டு கணிக்கின்றனர். அமாவாசைக்கு மறுநாள் அவர்க்கு மாதம் பிறக்கும். நாமோ ஞாயிற்றைக் கொண்டு கணிக்கின்றோம். ஞாயிறு சிங்க ராசியில் புகும்போது நமக்கு ஆவணி பிறக்கும். அது ஆகஸ்டு 17-ஆம் நாளை ஒட்டி வருவது. இந்நகரிலுள்ள மலையாள அன்பர்கள் இதே மாதத்தைச் சிங்கம் என்று பொருள்படும் சிங்ஙம் என்னும் பெயரால் வழங்குகின்றனர். அவர்கள் ராசியின் பெயரை வைத்தனர். நாம் மீனின் பெயரைக் காத்தோம். திங்கள் என்னும் நம் சொல்லே மதிக்கும் மாதத்துக்கும் பொதுவாக நிற்பது, மதியைக் கொண்டு நாளெண்ணிய பழமைக்குச் சான்று.

இப்பொழுது பிள்ளைகளின் வினாவுக்கு விடை கூறலாம். 2025-இல் மதியின் சிராவணம் ஜூலை 25-ஆம் நாளே பிறந்துவிட்டது. ஆகஸ்டு 9-இல் மதி நிறைந்தது. ஞாயிறு சிங்கத்தில் புகுவதற்கோ இன்னும் ஒரு வாரத்துக்கு மேல் இருந்தது. பெயரில் ஆவணி என்று வழங்கினும், ஆவணி அவிட்டம் மதியின் மாதத்தைப் பின்பற்றுவது. எனவே அது ஆடியில் வந்ததில் பிழை ஏதுமில்லை. கொங்கணக் கரையின் கோளி மீனவர்கள் கடலுக்குத் தேங்காய் படைக்கும் நாரளி பௌர்ணமியும் அதே நிறைமதிக்கு உரியதே.

மதியின் பன்னிரு மாதங்களுக்கு ஏறத்தாழ 354 நாள். ஞாயிற்றின் ஆண்டுக்கோ 365 நாள். ஆண்டுதோறும் பதினொரு நாள் குறைந்துகொண்டே வருவதால், ஏறக்குறைய இரண்டரை ஆண்டுக்கு மேல் ஒருமுறை ஒரு மாதத்தை மிகையாகச் சேர்ப்பர். 2023-இல் அவ்வாறு சிராவணமே இருமுறை வந்தது. அதனால் அவ்வாண்டு மும்பையில் விநாயக சதுர்த்தி செப்டம்பர் 19-ஆம் நாளுக்குத் தள்ளிப் போயிற்று. நமக்கு அப்போது புரட்டாசி பிறந்திருந்தது. 2025-இலோ அது ஆகஸ்டு 27-ஆம் நாள், ஆவணி 11-இல் வந்தது. மராட்டியர்க்கு இரு முறையும் அது பாத்திரபதச் சதுர்த்தியே.

தாராவியில் வாழும் நெல்லைச் சீமையாருக்கு ஆவணி என்றவுடன் திருச்செந்தூர்த் திருவிழா நினைவுக்கு வரும். நாகர்கோயில் பக்கத்தாருக்கு நாகராசர் கோயிலின் ஆவணி ஞாயிறு. மதுரையாருக்கு ஆவணி மூலமும், பிட்டுக்கு மண் சுமந்த திருவிளையாடலும். பண்டைத் தமிழர் ஆவணியையும் புரட்டாசியையும் கார்காலம் என வகுத்தனர். தொல்காப்பியத்துக்கு உரை கண்ட நச்சினார்க்கினியர் ஆண்டின் தொடக்கமே ஆவணி என்று கொண்டார்.

சொந்த ஊரிலிருந்து, ஆவணி இத்தனையாம் நாள் கொடியேற்றம் என்று பெரியோர் கூறும்போது, மும்பையில் வளரும் பேரப்பிள்ளைக்கு அந்த நாள் விளங்க வேண்டும். விளங்கினால்தான் அவ்வழைப்பு அவர்களுக்கும் உரியதாகும். ஆதலின் நாள்காட்டியில் தேதியைக் கிழிக்கும்பொழுது தமிழ்த் தேதியையும் அவர்களைக் கொண்டு படிக்கச் செய்வோம். மழை ஓய்ந்து வானம் தெளிந்த மாலையில் திருவோண மீனையும் காட்டுவோம். அண்டை வீட்டார் சிராவணம் என்னும்போது, அதுவும் நம் சொல்லின் உறவே என்பதை அவர்கள் அறிந்துகொள்ளட்டும்.