அமைதியாக இருக்கும் சென்சார்



புதுவையிலிருந்து கடலூர் சாலையில் போகிறவர்களுக்குக் கன்னியக்கோயில் எல்லை தெரியும். திண்டிவனம் போகிறவர்களுக்குக் கோரிமேடு. கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோட்டக்குப்பம். பிரெஞ்சுக்காரர்கள் விட்டுச்சென்ற நம் எல்லை துண்டு துண்டானது. சில சாலைகளில் போகும்போது புதுவையை விட்டுத் தமிழ்நாட்டுக்குள் நுழைந்து, மறுபடி புதுவைக்கே வந்துவிடுகிறோம். இப்படிப்பட்ட ஊரில் ஒவ்வொரு வண்டிப்பாதையிலும் சோதனைச் சாவடி போட முடியாது. எங்கே போடுவது, அதில் ஆள் இருக்கிறாரா என்று யார் போய்ப் பார்ப்பது? கேள்வி அங்கேதான் தொடங்குகிறது.

ஒரு மருத்துவமனை, கல்லூரி, வங்கிக் கிளை இவற்றின் கணினி நெட்வொர்க்குக்கும் இதே கேள்விதான். உள்ளே போகிற, வெளியே வருகிற தகவல்களின் நகலைப் பார்த்து, சந்தேகமானது வந்தால் எச்சரிக்கிற மென்பொருள்கள் இருக்கின்றன. ஸ்நார்ட் 1998-இல் வந்தது. பிறகு சூரிகாட்டா வந்தது. இவற்றுக்குக் கண்ணாக இருப்பது சென்சார். கணினிகளை இணைக்கும் ஸ்விட்ச் கொடுக்கும் நகலைத்தான் அது பார்க்கும். நகல் வராத பக்கம் அதற்கு இருட்டு. நெட்வொர்க்கின் வாசல் காவலான ஃபயர்வாலுக்கு வெளியே வைத்தால், உள்ளே இருக்கும் நூறு கணினிகளும் பெரும்பாலும் ஒரே முகவரியாகத்தான் தெரியும். எந்த அறையில் எந்தக் கணினி கெட்டது என்று சொல்லவே முடியாது. வாசலில் மட்டும் வைத்தால், உள்ளே நுழைந்துவிட்டவன் பக்கத்துக் கணினிக்குத் தாவுவது தெரியாது.

அந்த உள்தாவலின் விலையை நாடே பார்த்தது. 2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் சைபர் தாக்குதலில் முடங்கின. ஐந்து சர்வர்கள் பாதிக்கப்பட்டன, சுமார் 1.3 டெராபைட் தகவல் பூட்டப்பட்டது, நெட்வொர்க் சரியாகப் பகுதி பகுதியாகப் பிரிக்கப்படாமல் இருந்தது என்று அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது. கிட்டத்தட்ட இரண்டு வாரம் நோயாளிகளின் பதிவைக் கையால் எழுதினார்கள். நம் புதுவை ஜிப்மர் மருத்துவமனை வாசலில் விடியற்காலையில் நிற்கும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு, அந்த இரண்டு வாரம் எப்படி இருந்திருக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

மென்பொருள் வாங்குவதோடு வேலை முடிந்துவிட்டது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். உண்மையில் கடினமான வேலை ஒரு பட்டியல். நம்மிடம் என்னென்ன கருவிகள் இருக்கின்றன, ஒவ்வொன்றின் முகவரி என்ன, எந்தத் துறை வைத்திருக்கிறது, கெட்டால் யாரைக் கூப்பிடுவது? ஸ்கேன் இயந்திரம், சிசிடிவி கேமரா, பில் போடும் கணினி, மாடியில் யாரோ மாட்டிய வைஃபை ரௌட்டர், எல்லாம் அதில் வர வேண்டும். பட்டியல் இல்லாத இடத்தில் எச்சரிக்கை ஒரு எண்ணாக மட்டும் வரும். அந்த எண் பிரசவ வார்டுக் கணினியா, மூலையில் கிடக்கும் பிரிண்டரா என்று தெரியாமல் பணியாளர் திகைப்பார். நாள்தோறும் அப்படி நூறு வந்தால் நூற்றொன்றாவதைத் திறந்துகூடப் பார்க்க மாட்டார். முகவரிகளும் நிலையாக இருப்பதில்லை. இன்று ஒரு கணினிக்கு இருந்த முகவரி நாளை இன்னொன்றுக்குப் போகலாம். ஆகவே பட்டியலை வாராவாரம் ஒருவர் திருத்த வேண்டும். அவர் பெயரும் அதில் இருக்க வேண்டும்.

இன்னொன்று இதைவிடப் பயங்கரம். அமெரிக்காவில் ஈக்விஃபாக்ஸ் என்று ஒரு நிறுவனம். மக்களின் கடன் விவரங்களைச் சேர்த்து வைப்பது அதன் தொழில். 2017 மே மாதம் அதற்குள் திருடர்கள் நுழைந்தார்கள். கண்காணிக்கும் கருவி அங்கே இருந்தது. ஆனால் பூட்டிய தகவலைத் திறந்து பார்க்க அதற்குத் தேவையான டிஜிட்டல் சான்றிதழ் பல மாதங்களுக்கு முன்பே காலாவதியாகியிருந்தது, யாரும் கவனிக்கவில்லை. கருவி ஓடிக்கொண்டே இருந்தது. எச்சரிக்கை மட்டும் வரவில்லை. 76 நாள் திருட்டு நடந்தது. ஜூலை இறுதியில் சான்றிதழைப் புதுப்பித்தவுடனேயே சந்தேகமான போக்குவரத்து தெரிந்துவிட்டது. அதற்குள் சுமார் 14 கோடியே 70 லட்சம் பேரின் விவரங்கள் போய்விட்டிருந்தன.

எனக்கு இந்தச் சம்பவத்தில் மனதை அறுப்பது இதுதான். செத்த சென்சாரும், பிரச்சினை எதுவும் இல்லாத நெட்வொர்க்கும், திரையில் ஒரே மாதிரித்தான் தெரியும். இரண்டிலும் எச்சரிக்கை இல்லை. அதனால்தான் ஒவ்வொரு சென்சாரும் சில நிமிடங்களுக்கு ஒருமுறை "நான் இருக்கிறேன்" என்று தகவல் அனுப்ப வேண்டும். அது நின்றால் அதுவே பெரிய எச்சரிக்கையாக ஒலிக்க வேண்டும். எவ்வளவு தகவல் வழக்கமாக வருகிறது, இன்று ஏன் பாதியாகக் குறைந்தது என்பதையும் பார்க்க வேண்டும்.

கருவிகளின் கடிகாரங்களும் ஒத்துப்போக வேண்டும். ஒன்று பத்து நிமிடம் பின்தங்கினால் எது முதலில் நடந்தது என்று சொல்ல முடியாது. 2022 ஏப்ரல் 28-இல் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் கொடுத்த உத்தரவு இதைக் கட்டாயமாக்கியது. கருவிகளின் நிகழ்வுப் பதிவுகளான லாக்குகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும், ஊடுருவலை அறிந்த ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்றும் அது சொல்கிறது. பட்டியலும் லாக்கும் இல்லாத அலுவலகம் அந்த ஆறு மணி நேரத்தில் என்னவென்று எழுதித் தெரிவிக்கும்?

காலாப்பட்டிலும் பிள்ளைச்சாவடியிலும் கணினி படிக்கும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சூரிகாட்டா இலவசம், பழைய கணினி ஒன்று போதும். ஆசிரியரின் அனுமதியோடு ஆய்வுக்கூடத்தில் நிறுவுங்கள், கருவிப் பட்டியலை நீங்களே எழுதுங்கள். பிறகு ஒருநாள் யாரிடமும் சொல்லாமல் ஆசிரியர் சென்சாரின் கேபிளைக் கழற்றட்டும். எத்தனை நிமிடத்தில் உங்களில் ஒருவர் கண்டுபிடிக்கிறார் என்று குறித்து வையுங்கள். அடுத்த மாதம் அந்த நேரத்தைப் பாதியாக்கப் பாருங்கள்.