நிலமும் நாடாளுமன்றமும்



'எஸ்டேட்' என்ற சொல்லைக் கேட்டதும் நம் மனக்கண்ணில் தோன்றுவது எது? வரிசையாய் நிற்கும் பால்மரங்கள், விடியற்காலைப் பிரட்டுக்களம், லயங்கள், ஆயாக்கொட்டகை. ஆனால் இந்தச் சொல் நம்மிடம் வந்து சேர்ந்த இங்கிலாந்தில் இதற்கு வேறு பொருளும் உண்டு. ஒரு குடும்பத்துக்கு உரிய நிலம், வீடு, குத்தகை வருமானம் எல்லாம் சேர்ந்த சொத்துக்கும் அங்கே 'எஸ்டேட்' என்றே பெயர்.

அப்படிப்பட்ட சொத்தில் ஒரு துண்டை விற்கவும் நாடாளுமன்றத்தில் தனியாக ஒரு சட்டம் இயற்ற வேண்டியிருந்த காலம் ஒன்று இருந்தது. அது எவ்வாறு நடந்தது என்பதை இன்று பார்ப்போம். முந்நூறு ஆண்டுக்கு முந்திய கதை நமக்கு எதற்கு என்று யாரும் எண்ண வேண்டாம். பிறர் நிலத்தில் குடியிருந்து பிழைக்கும் எவருக்கும் அதில் ஒரு பாடம் இருக்கிறது.

முதலில் ஒரு கேள்வி. நிலத்தை விற்க உடையவரின் கையெழுத்துப் போதாதா? நாடாளுமன்றம் எதற்கு?

இங்கிலாந்தின் பெரிய குடும்பங்கள் பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஒரு வழக்கத்தைக் கைக்கொண்டன. மகனுக்குத் திருமணம் ஆகும்போது, நிலம் முழுவதையும் ஒரு பத்திரத்தால் கட்டிப் போட்டார்கள். அந்த மகன் உயிரோடு இருக்கும்வரை வருமானத்தை அனுபவிக்கலாம். நிலத்தை விற்கக் கூடாது. அது அவனுக்குப் பிறக்கப்போகும் மூத்த மகனுக்குப் போய்ச் சேர வேண்டும். விதவையாகும் மனைவிக்கு இவ்வளவு, பெண்பிள்ளைகளின் சீதனத்துக்கு இவ்வளவு என்றும் பத்திரம் சொல்லிவிடும். ஊதாரிப் பிள்ளை ஒருவன் பரம்பரைச் சொத்தை அழித்துவிடாமல் இருக்கச் செய்த ஏற்பாடு இது.

ஆனால் சிக்கலும் இதிலேயே இருந்தது. கடன் கழுத்தை நெரிக்கிறது. பெண்ணுக்குச் சீதனம் கொடுக்க வேண்டும். தொலைவில் கிடக்கும் நிலத்தை விற்று வீட்டருகில் வாங்கினால் நல்லது. என்ன செய்வது? பத்திரம் குறுக்கே நிற்கிறது. அந்தக் கட்டை அவிழ்க்க வல்லது நாடாளுமன்றச் சட்டமே. நாட்டு மக்கள் அனைவருக்கும் பொதுவாக அமையாமல் ஒரு குடும்பத்துக்கென்றே இயற்றப்பட்டதால், இதைத் தனியார் சட்டம் என்றார்கள்.

இந்த மசோதா நடந்த பாதையைப் படிப்படியாகப் பார்ப்போம்.

முதற்படி, மனு. குடும்பத்தார் பிரபுக்கள் சபைக்கு எழுதி விண்ணப்பிக்க வேண்டும். 1706ஆம் ஆண்டில் அந்தச் சபை ஒரு விதி செய்தது. அதன்படி மனு இரண்டு நீதிபதிகளிடம் போகும். சொத்தில் பங்குடையவர்களை அந்த நீதிபதிகள் அழைத்து விசாரித்து, சபைக்கு அறிக்கை தருவார்கள். அதன் பிறகுதான் முதல் வாசிப்பு, இரண்டாம் வாசிப்பு. பிறகு மசோதா ஒரு குழுவிடம் போகும். சம்மதம் தர வேண்டியவர்கள் அந்தக் குழுவின் முன் நேரில் வந்து சம்மதம் சொல்ல வேண்டும். வயது வராத பிள்ளைகளுக்காகப் பாதுகாவலர் பேசுவார். அடுத்தது மூன்றாம் வாசிப்பு. பின்னர் மசோதா மக்கள் சபைக்குப் போய், அங்கும் மூன்று வாசிப்புகளைக் கடக்கும்.

கடைசிப் படி மன்னரின் ஒப்புதல். பொதுச் சட்டமானால் 'மன்னர் இதை விரும்புகிறார்' என்று பழைய பிரெஞ்சு மொழியில் அறிவிப்பார்கள். தனியார் சட்டத்துக்கு வேறு வாசகம்: 'விரும்பியபடியே ஆகட்டும்.' விரும்பியது யார்? மனுப் போட்ட குடும்பம்.

இத்தனை படிகளிலும் பணம் செலவாகும். வழக்கறிஞருக்குக் கூலி, சபாநாயகருக்கும் எழுத்தர்களுக்கும் கட்டணம், வாயிற்காப்போனுக்கும் கட்டணம். கையில் பணம் இல்லாதவர் அந்த வாசலை மிதிக்க முடியாது.

ஆயினும் நாம் ஒன்றைப் பாராட்டியே ஆக வேண்டும். அந்தப் படிகள் வீணுக்கு ஏற்பட்டவை அல்ல. நிலத்தை விற்ற பணத்தைத் தந்தை தன் பையில் போட்டுக்கொள்ள முடியாது. பொறுப்பாளர்களின் கையில் கொடுத்து, வேறு நிலம் வாங்கவோ, சொத்தின் மேல் உள்ள கடனை அடைக்கவோ சட்டம் கட்டளையிடும். இன்னும் பிறக்காத பேரப்பிள்ளைக்கும் அங்கே பங்கு காக்கப்பட்டது. நீதிபதிகள் இருவர் அதற்காக உட்கார்ந்து கணக்குப் பார்த்தார்கள்.

இப்போது அதே நாடாளுமன்றம் நிறைவேற்றிய வேறொரு வகைத் தனியார் மசோதாவைப் பார்ப்போம். அதற்கு 'வேலியடைப்பு மசோதா' என்று பெயர்.

அந்நாளில் இங்கிலாந்துக் கிராமங்களில் பொதுநிலம் என்று ஒன்று இருந்தது. பெரும்பாலும் அது ஒரு நிலப்பிரபுவுக்கு உரியது. ஆனால் ஊரில் பலர் அங்கே மாடு மேய்க்கலாம், விறகு பொறுக்கலாம், அடுப்புக்குக் கரிமண் வெட்டலாம். சிலருக்கு இது சட்டப்படியான உரிமை. பலருக்கு இது தாத்தா காலத்து வழக்கம். எழுத்தில் எதுவும் இல்லை. இந்த நிலத்தையும், துண்டு துண்டாய்ச் சிதறிக் கிடந்த வயல்களையும் ஒன்றுசேர்த்து, அளந்து பிரித்து, வேலி போட்டு, தனித்தனி உடைமையாக்குவதே வேலியடைப்பு. இப்படிச் செய்தால் வடிகால் வெட்டலாம், புதிய பயிர் வைக்கலாம், விளைச்சல் பெருகும் என்றார்கள். அதில் உண்மையும் இருந்தது.

இதற்கும் மனு உண்டு, மூன்று வாசிப்பு உண்டு, குழு உண்டு. 1774இல் மக்கள் சபை ஒரு நல்ல விதியும் செய்தது. மனுப் போடுமுன் ஆகஸ்டு அல்லது செப்டம்பர் மாதத்தில் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ஊர்த் தேவாலயக் கதவில் அறிவிப்பு ஒட்ட வேண்டும். ஆனால் எழுத்தறியாத குடியானவனுக்கு அந்தத் தாள் என்ன சொல்லும்? படித்துச் சொல்ல ஆள் கிடைத்தாலும், லண்டனுக்குப் போய் வழக்கறிஞரை அமர்த்தக் காசு வேண்டுமே!

சம்மதத்தை எண்ணிய முறைதான் எல்லாவற்றிலும் கொடுமை. அங்கே தலைகளை எண்ணவில்லை. நிலத்தின் மதிப்பை எண்ணினார்கள். மதிப்பில் முக்கால் பங்கோ, ஐந்தில் நான்கு பங்கோ உடையவர்கள் சம்மதித்தால் பெரும்பாலும் போதும். ஊரில் நூறு குடும்பம் வேண்டாம் என்றாலும், நான்கு பெரிய வீடுகள் சரி என்றால் மசோதா நகரும். தீர்ப்புச் சொல்லும் உறுப்பினர்கள் யார்? 1711இல் வந்த சட்டப்படி, மாவட்டத்தின் சார்பில் மக்கள் சபையில் உட்கார ஆண்டுக்கு 600 பவுன் நில வருமானம் வேண்டும். நிலம் உடையவர்கள் கேட்டார்கள். நிலம் உடையவர்களே கொடுத்தார்கள்.

1797இல் நார்த்தாம்ப்டன்ஷயரில் உள்ள ராண்ட்ஸ் என்னும் ஊர் மக்கள் இதை எதிர்த்து மனுச் செய்தார்கள். நிலத்தைத் திருத்துகிறோம் என்ற பெயரில் குடிசைவாசிகள் மாடு வளர்க்கும் வசதியைப் பறிக்கிறார்கள். அந்தப் பாலை நம்பித்தான் குளிர்காலத்தில் குடும்பங்கள் பிழைக்கின்றன என்று முறையிட்டார்கள். மனு பெறப்பட்டது, சபைக் குறிப்பில் எழுதப்பட்டது, மசோதாவும் நிறைவேறியது.

சட்டம் வந்ததும் ஆணையர்கள் ஊருக்கு வருவார்கள். உரிமை கோருகிறவர்கள் எழுத்தில் கோர வேண்டும். சட்ட உரிமை உள்ள சிறியவருக்கு ஒரு சிறு துண்டு கிடைக்கும். அதற்கு வேலி போடும் செலவு அவர் தலையில் விழும். தாங்க முடியாமல் அதையும் விற்றவர் பலர். வெறும் வழக்கத்தை நம்பி இருந்தவருக்குக் கிடைத்தது ஒன்றுமில்லை. 1604 முதல் 1914 வரை இப்படி 5,200க்கும் மேற்பட்ட வேலியடைப்பு மசோதாக்கள் சட்டமாயின. அவை தொட்ட நிலம் சுமார் 68 லட்சம் ஏக்கர். இங்கிலாந்தில் ஐந்தில் ஒரு பங்கு.

நேயர்களே, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெரிய வீட்டில் இன்னும் பிறக்காத பிள்ளைக்கு நாடாளுமன்றம் நியாயம் தேடியது. குடிசையில் பிறந்து பசித்திருந்த பிள்ளையின் பாலுக்குத் தேடவில்லை. சபை ஒன்றுதான், மூன்று வாசிப்பும் ஒன்றுதான். வேற்றுமை எங்கே? ஒருவருடைய உரிமை பத்திரத்தில் இருந்தது. அவருக்காகப் பேச ஆள் இருந்தது. மற்றவருடைய உரிமை பழக்கத்தில் மட்டுமே இருந்தது.

நம் தோட்டங்களிலும் லயத்துக்குப் பின்னால் மாடு கட்டினோம், காய்கறி போட்டோம், கோயில் கட்டிக் கும்பிட்டோம். எவரும் தடுக்கவில்லை, எவரும் எழுதிக் கொடுக்கவுமில்லை. 1950களிலும் 1960களிலும் பெரிய தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டபோது, விற்றவரும் வாங்கியவரும் கையெழுத்துப் போட்டார்கள். பாலெடுத்தவரின் கையெழுத்தை எவரும் கேட்கவில்லை. அந்த வேளையில்தான், 1960இல், துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகச் செலுத்தித் தோட்டங்களுக்கு உடையவர்கள் ஆனார்கள். பழக்கத்தை நம்பாமல் பத்திரத்தைத் தேடிய முயற்சி அது.

இன்று நம் நாட்டு நாடாளுமன்றத்திலும் மசோதாக்கள் மூன்று வாசிப்புகளைக் கடந்தே மாமன்னரின் ஒப்புதலுக்குப் போகின்றன. ஆனால் 600 பவுன் வருமானம் கேட்பாரில்லை. 18 வயது நிரம்பிய குடிமக்களுக்கு வாக்கு உண்டு. அங்கே எண்ணப்படுவது தலை, நிலமல்ல.

ஆகவே நாம் செய்ய வேண்டியவை சில. அலுவலகப் பலகையில் தாள் ஒன்று ஒட்டப்பட்டால், படிக்கத் தெரிந்த பிள்ளையைக் கூட்டிப்போய் அன்றைக்கே படித்துவிட வேண்டும். பிறப்புப் பத்திரம், அடையாள அட்டை, சம்பளச் சீட்டு, வீடு பற்றி வந்த கடிதம், இவற்றைத் தகரப் பெட்டியில் பத்திரமாக வைக்க வேண்டும். வாய்மொழியாகச் சொன்ன வாக்கை எழுத்தில் கேட்க வேண்டும். மனுப் போடுவதானால் தனியாகப் போடாமல், சங்கமாகச் சேர்ந்து, தவணை தப்பாமல் போட வேண்டும்.

ராண்ட்ஸ் ஊர் மக்கள் தோற்றார்கள். ஆனால் அவர்கள் எழுதிக் கொடுத்ததால்தான், அவர்கள் பேச்சு இருநூறு ஆண்டுக்கு மேல் கடந்து இன்று நம் காதில் விழுகிறது. எழுதாமல் இருந்த எத்தனையோ ஊர்களின் குறை என்னவென்று இன்று சொல்வாரில்லை.