மருந்துக் கிடங்கின் சாவி

பாடியில் தொடங்கி அம்பத்தூர், ஆவடி வழியாகத் திருவள்ளூர் செல்லும் நெடுஞ்சாலையையும், போரூரிலிருந்து பூந்தமல்லிக்குச் செல்லும் சாலையையும் சேர்த்துப் பார்த்தால், மருத்துவமனை மருந்தகம் இந்நாட்டில் எடுத்துள்ள வடிவங்கள் ஏறக்குறைய அனைத்தும் அந்தச் சிறிய சுற்றளவுக்குள் அடங்கியிருப்பது தெரியவரும். 1964-இல் அமைந்த அம்பத்தூர் தொழிற்பேட்டையின் தொழிலாளர்களுக்கு இ.எஸ்.ஐ. மருந்தகங்கள் உள்ளன, 1961-இல் நிறுவப்பட்ட ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலைக்குத் தனி மருத்துவமனை உண்டு, ஆவடியிலும் பூந்தமல்லியிலும் அரசு மருத்துவமனைகள் இயங்குகின்றன, அம்பத்தூரில் அறக்கட்டளையின் பொறுப்பில் சர் ஐவன் ஸ்டெட்ஃபோர்டு மருத்துவமனையும், போரூரில் மருந்தியல் கல்லூரியைத் தன் வளாகத்திலேயே கொண்ட ஸ்ரீ ராமச்சந்திராவும் அமைந்திருக்கின்றன. இவை அனைத்திலும் மருந்தாளுநர் என்ற பெயரில் பணியாற்றுவோர் பெற்றிருப்பது ஒரே சட்டத்தின் கீழான பதிவுதான் என்றாலும், அவர்களது தொழில் வளர்ச்சி ஒரே பாதையில் செல்வதில்லை. இவ்வுரைக்கு வாய்த்த நேரத்துக்குள் அத்தனை பாதைகளையும் நடந்து முடிக்க இயலாது என்பதால், அரசு மருத்துவமனையின் மருந்துக் கிடங்கிலேயே பெரும்பொழுது கழியப்போகிறது என்பதை நேயர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நேர்மையாகும்.

முதலில் பெயரைப் பற்றி ஒரு சொல். மூத்த தலைமுறை நேயர்கள் இன்றும் மருந்தாளுநரைக் 'கம்பவுண்டர்' என்றே குறிப்பிடுவார்கள். பெரிய சாடிகளிலிருந்து மருந்துப் பொருள்களை அளந்தெடுத்துக் கலந்து, நோயாளி வீட்டிலிருந்து கொண்டுவந்த கண்ணாடிப் புட்டியில் ஊற்றிக் கொடுத்த காலத்தின் பெயர் அது; கலப்பவர் என்பதே அதன் பொருள். கலக்கும் வேலை மருந்துத் தொழிற்சாலைகளுக்குப் போய் நெடுங்காலம் ஆன பின்னும் பெயர் மட்டும் தங்கிவிட்டது. 1948-ஆம் ஆண்டின் மருந்தியல் சட்டம் பதிவு பெற்ற மருந்தாளுநர் என்னும் நிலையை உருவாக்கியது. 2015-இல் வெளியான மருந்தியல் நடைமுறை ஒழுங்குமுறை விதிகள், மருந்தை எடுத்துக் கொடுப்பதோடு நில்லாமல், அதை உட்கொள்ளும் முறையை நோயாளிக்கு விளக்கிச் சொல்வதையும் அவரது கடமையாக்கின. நூற்றுக்கணக்கானோர் வரிசையில் நிற்கும் ஒரு திங்கட்கிழமைக் காலையில், 'சாப்பாட்டுக்கு முன், சாப்பாட்டுக்குப் பின்' என்பதற்கு மேல் எவ்வளவு விளக்க இயலும் என்ற கேள்வியை மட்டும் அவ்விதிகள் தொடவில்லை.

தமிழக அரசுப் பணியில் மருந்தாளுநரின் பதவி உயர்வு தலைமை மருந்தாளுநர், மருந்துக் கிடங்கு அலுவலர் என்று சில படிகளிலேயே முடிந்துவிடும் குட்டை ஏணியாகும். முதற்படியில் சேர்ந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் அதே படியில் நிற்பவர்கள் உண்டு. மருந்தாளுநர் சங்கங்கள் தனி இயக்குநரகம் வேண்டுமென்று கேட்டுவருவதற்கு இதுவே காரணம். அக்கோரிக்கையில் நியாயம் இருக்கிறது. ஆயினும், தலைமை என்பது அந்த ஏணியின் உச்சியில்தான் இருக்கிறது என்று கொள்வது, இத்தொழிலின் உள்ளே நடப்பதை அறியாதவர் கொள்ளும் கருத்தாகும். அதை அறிவதற்குப் பாஸ்புக் என்று அழைக்கப்படும் ஒரு குறிப்பேட்டைப் புரட்ட வேண்டும்.

தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாளில் பதிவு செய்யப்பட்டு, 1995 ஜனவரியில் செயல்படத் தொடங்கியது. அரசு மருத்துவமனைகள் அனைத்துக்கும் தேவையான இன்றியமையா மருந்துகளை ஒரே இடத்தில் ஒப்பந்தப்புள்ளி கோரி மொத்தமாக வாங்குவதும், அவற்றை மாவட்டக் கிடங்குகளில் இருப்பு வைப்பதும், ஒவ்வொரு பேட்ச்சிலிருந்தும் மாதிரி எடுத்து, தயாரித்த நிறுவனத்தின் பெயர் தெரியாதவாறு மறைத்து, ஆய்வகத்துக்கு அனுப்பித் தரம் உறுதியான பின்னரே வெளியே விடுவதும் அதன் முறை. கேரளமும் ராஜஸ்தானும் பின்னாளில் இதே மாதிரியில் தத்தம் கழகங்களை அமைத்துக்கொண்டன. இக்கழகம் வழங்கும் மாத்திரை ஸ்ட்ரிப்பின் பின்புறத்தில் அரசின் கோபுரச் சின்னத்தையும், விற்பனைக்கு அல்ல என்ற அச்சையும் நேயர்களில் பலர் பார்த்திருப்பார்கள். பார்க்காதவர்கள் வீட்டு அலமாரியில் தாத்தாவின் சர்க்கரை மாத்திரை இருக்குமானால் எடுத்துத் திருப்பிப் பார்க்கலாம்.

இம்முறையில் ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஆண்டுக்கு இவ்வளவு என்று ஒரு தொகை ஒதுக்கப்படுகிறது. அத்தொகை பாஸ்புக்கில் வரவாக எழுதப்படும். மருத்துவமனை இண்டென்ட் போட்டு, அதாவது தேவைப்பட்டியல் அனுப்பி, கிடங்கிலிருந்து மருந்தை எடுக்கும்போது அதன் விலை செலவாகக் கழிக்கப்படும். வங்கிக் கணக்கைப் போன்ற இந்த எளிய ஏற்பாட்டின் விளைவு எளியதன்று. மேலிடம் அனுப்பியதைப் பெற்றுக்கொள்ளும் நிலையிலிருந்து, எது வேண்டும், எவ்வளவு வேண்டும், எப்போது வேண்டும் என்று தானே முடிவெடுக்கும் நிலைக்கு மருத்துவமனை நகர்ந்தது. கையெழுத்து மருத்துவ அலுவலருடையதாக இருந்தாலும், அதன் மேலுள்ள எண்கள் பெரும்பாலும் மருந்தாளுநரின் கணக்கிலிருந்தே வருகின்றன.

அக்கணக்கைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் மாத்திரையை நாளுக்கு இருவேளை உட்கொள்ளும் 200 பேர் ஒரு மருத்துவமனைக்கு மாதந்தோறும் வருவதாகக் கொண்டால், மாதத்துக்கு 12,000 மாத்திரைகள், அதாவது பத்து மாத்திரை கொண்ட 1,200 ஸ்ட்ரிப்புகள் வேண்டும். புதிதாக மாறுதலாகி வந்த மருத்துவர் அவர்களில் பாதிப் பேருக்கு மூன்று வேளையாக உயர்த்தினால், தேவை ஒரே மாதத்தில் 300 ஸ்ட்ரிப் கூடிவிடுகிறது. கடந்த மாதத்து எண்ணையே மீண்டும் எழுதும் மருந்தாளுநருக்கு இருபத்தைந்தாம் தேதி வாக்கில் இருப்பு தீரும், ஓ.பி. சீட்டுகள் மாறத் தொடங்கியதை முதல் வாரத்திலேயே கவனித்தவர் அடுத்த இண்டென்ட்டைத் திருத்திவிடுவார். பதவியால் இருவரும் ஒன்றே.

மேலாண்மைப் பாடநூல்கள் இதற்கு இரண்டு அளவுகோல்களைச் சொல்லித் தருகின்றன. விலை மதிப்பைக் கொண்டு மருந்துகளை ஏ, பி, சி என்று பிரிப்பது ஒன்று. உயிர் காப்பது, இன்றியமையாதது, இருந்தால் நல்லது என்று தேவையைக் கொண்டு பிரிப்பது மற்றொன்று. இவ்விரண்டும் ஒத்துப்போகும் இடத்தில் எவரும் இண்டென்ட் எழுதிவிடலாம். முரண்படும் இடத்தில்தான் ஆளின் தரம் தெரிகிறது. பாம்புக்கடிக்கான நச்சுமுறி மருந்தை எடுத்துக்கொள்வோம். ஒரு கடிக்குத் தொடக்கத்திலேயே 8 முதல் 10 குப்பிகள் வேண்டும். ஏரிகளும் புதர்க் காடுகளும் இன்னும் மிச்சமிருக்கும் ஆவடிப் புறப்பகுதிகளில் மழைக்காலத்து இரவொன்றில் இரண்டு பேர் அடுத்தடுத்து வருவது நடக்கக்கூடியதே. ஆனால் அம்மருந்து பல மாதம் அசையாமல் இருக்கும். பாஸ்புக் தொகையை அடைத்துக்கொள்ளும். காலாவதியானால் தணிக்கையில் கேள்வி வரும். இருபது குப்பி வைத்திருக்க வேண்டும் என்று வாதாடுவதும், காலாவதிக்கு மூன்று மாதம் முன்பே, அதிகம் செலவாகும் பெரிய மருத்துவமனையைத் தொலைபேசியில் அழைத்து, அதை அங்கு மாற்றிக் கொடுத்துப் புதியதைப் பெறுவதும் எந்தப் பணி விதியிலும் பாராட்டாக எழுதப்படுவதில்லை. மருந்து இருந்த இரவு ஒரு செய்தியாவதில்லை. இல்லாத இரவுதான் செய்தியாகிறது.

குளிர்பதனப் பெட்டிக்கும் ஓர் இடம் கொடுக்க வேண்டும். இன்சுலின் 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வரையான குளிரில் இருக்க வேண்டும். உறைந்துவிட்டால் உருகிய பின்னும் அது பயன்படாது. எனவே உறைபனி அறையை ஒட்டி அதை அடுக்குவது வெளியில் வைப்பதைவிட மோசமான பிழையாகிவிடலாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் அம்பத்தூர் தொழிற்பேட்டை நீரில் மூழ்கி, மேற்குப் புறநகரின் பல பகுதிகள் மின்சாரமின்றிக் கிடந்ததை இங்குள்ள நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அத்தகைய நாளில் பெட்டியின் கதவை எத்தனை முறை திறக்கலாம், ஜெனரேட்டர் டீசல் எதற்கு முதலில், தரைத்தளத்து அட்டைப்பெட்டிகளை யார் மேலே ஏற்றுவது என்பவற்றைத் தீர்மானிக்கும் நிலை, அப்போது பணியில் இருக்கும் மருந்தாளுநருக்கு உத்தரவு எதுவும் வராமலேயே வந்து சேர்ந்துவிடுகிறது.

கிடங்கை விட்டு வார்டுக்கு வந்தால் தலைமை வேறு முகம் கொள்கிறது. செறிவு மிகுந்த பொட்டாசியம் குளோரைடு ஊசிமருந்து, நீர்க்கச் செய்யாமல் நேராகச் சிரையில் ஏற்றினால் இதயத்தை நிறுத்திவிடும் என்பதால், அதை வார்டு அலமாரிகளிலிருந்து அகற்றி மருந்தகத்தின் பூட்டுக்குள் வைப்பது உலகெங்கும் ஏற்கப்பட்ட பாதுகாப்பு முறையாகும். மருந்தால் விளையும் தவிர்க்கத்தக்க கடுந்தீங்கைப் பாதியாகக் குறைக்க உலக சுகாதார நிறுவனம் 2017-இல் தொடங்கிய இயக்கமும் இத்தகைய மருந்துகளின் மீதே கவனத்தைத் திருப்பியது. ஆனால் நள்ளிரவில் அவசரமென்றால் என்ன செய்வது என்று கேட்கும் செவிலியரின் அச்சமும் உண்மையானது. அவருக்கு விடை சொல்லாமல் சுற்றறிக்கை மட்டும் அனுப்பும் மருந்தாளுநரின் முயற்சி, ஒரு வாரத்தில் பழைய அலமாரிக்கே திரும்பிவிடும். இரவில் சாவி யாரிடம், எத்தனை நிமிடத்தில் மருந்து வந்து சேரும் என்பதைச் செவிலியரோடு அமர்ந்து முடிவு செய்பவரின் முயற்சியே நிலைக்கும்.

இந்த வார்டுப் பணிக்கென்றே 2008-இல் ஃபார்ம்.டி. என்னும் ஆறாண்டுப் படிப்பு இந்தியாவில் வந்தது. இதன் இறுதியாண்டு முழுவதும் மருத்துவமனைப் பயிற்சியாகும். அமெரிக்காவில் ஹார்வி விட்னி என்பவர் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவமனையில் 1927-இலேயே மருந்தாளுநர்களுக்கு இத்தகைய உள்ளிருப்புப் பயிற்சியைத் தொடங்கினார் என்பதை நினைத்தால், இங்கு எண்பது ஆண்டுகள் பிந்தியிருக்கிறது. புறநகரின் தனியார் மருத்துவக் கல்லூரிகளில் இப்பட்டதாரிகள் மருத்துவருடன் சுற்றுக்குச் செல்லும் வாய்ப்பைப் பெறுகிறார்கள். அரசு மருந்தகத்தில் அவர்களுக்கென்று ஒரு படி இன்னும் உருவாகவேண்டியிருக்கிறது. மருந்தால் எதிர்பாராத விளைவு ஏற்பட்டால் பொதுமக்களே தெரிவிப்பதற்கு 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண் உள்ளது என்பதையும் இவ்விடத்தில் நேயர்கள் குறித்துக்கொள்ளலாம்; அரிப்பும் தடிப்பும் வந்தால் மாத்திரையைக் குப்பையில் போட்டுவிட்டு மறந்துபோவதே இங்கு வழக்கமாக இருக்கிறது.

நேரம் நெருங்குவதால் இ.எஸ்.ஐ. மருந்தகங்களையும் ஆவடித் தொழிற்சாலை மருத்துவமனையையும் பற்றிச் சொல்ல நினைத்தவை மற்றொரு நாளுக்குத் தள்ளிப்போகின்றன. ஒன்றை மட்டும் சேர்க்கலாம். மருந்துக் கிடங்குப் பொறுப்பிலிருந்து ஒருவர் ஓய்வு பெறும்போது, ஒவ்வொரு மருந்தும் எண்ணப்பட்டு, பதிவேட்டோடு ஒப்பிடப்பட்டு, இருவர் கையெழுத்தான பின்னரே சாவி கைமாறும். அதற்குச் சில நாள்கள்கூடப் பிடிக்கும். அப்பதிவேட்டில் மாத்திரைகள் ஒன்று விடாமல் இருக்கும். ஐப்பசி மழைக்கு முன் உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலங்களை எத்தனை மடங்கு கூட்டிக் கேட்க வேண்டும், எந்த மருத்துவர் விடுப்பிலிருந்து திரும்பினால் எந்த மாத்திரை வேகமாகத் தீரும், எந்த மருத்துவமனையிடம் கேட்டால் அவசரத்துக்கு நச்சுமுறி கிடைக்கும் என்பவை அதில் இரா. அவற்றை ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி, சாவியோடு சேர்த்துக் கொடுத்துவிட்டுப் போகும் வழக்கம் அம்பத்தூரிலோ ஆவடியிலோ பூந்தமல்லியிலோ ஒரு மருந்தகத்திலாவது தொடங்குமானால், அந்த நோட்டைப் பெறும் இளைய மருந்தாளுநர் தம் முதல் இண்டென்ட்டை ஊகித்து எழுத வேண்டியிராது.