பொதுப் பொறியும் தனிக் கையொப்பமும்



மறுகரையின் நாடாவை வீசித்தர இன்னொருவர் இல்லையேல் மரபான கோர்வைப் புடவை இல்லை. காஞ்சியார் அறிந்த செய்திதான். அச்சோவியரின் நிலையும் அதுவே. செப்புத் தகட்டில் கீறுவது தனிமையில். ஈரத்தாளில் அதைப் பதிக்கும் உருளைப்பொறியோ தனியொருவர் வாங்கவியலாத விலை. ஆகவே பலர் கூடி ஒன்றை வைத்துக்கொள்கின்றனர்.

கே.சி.எஸ். பணிக்கரும் தோழர்களும் 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை அமைத்தபோது, பாத்திக் துணி விற்ற பணமே நிலமாயிற்று. கைவினை வயிற்றைக் காத்தது. ஓவியம் வாங்குவோர் முகம் பார்க்க வேண்டியதில்லை. எந்த உதவித்தொகையினும் இதையே நான் பெரிதென்பேன். ‘எழுத்து’ நடத்திய சி.சு. செல்லப்பா நூல்களைத் தாமே சுமந்து விற்றதும் இவ்வினமே.

“பிரதிதானே, விலை குறையாதா?” என்பார்கள். அச்சோவியத்தின் ஓரத்தில் 3/20 என்று பென்சிலால் எழுதியிருந்தால், இருபதில் மூன்றாவது என்று பொருள். இருபதும் எடுத்தபின் தகட்டின் குறுக்கே கீறிவிடுவதுண்டு. இருபத்தொன்றாவதற்கு ஆசை எழாதா என்ன? எழும், அதற்காகத்தான் அந்தக் கீறல்.

மன்றத்தின் அடுத்த தொகுதிக்கு முகப்பை உள்ளூர் அச்சோவியர் ஒருவரிடம் கேளுங்கள். கூலியை முன்னதாகக் கொடுங்கள். எத்தனை படிகள் அச்சிட்டோம் என்பதையும் நூலிலேயே பொறித்துவிடுங்கள்.