சீனி வியாதியோ என்ற அச்சம்

 

எங்கள் மஹல்லாவில் ஒரு பெரியவர் இருக்கிறார். ஜும்ஆவுக்கு நேரகாலத்தோடு வந்து முதல் ஸஃப்பில் அமர்வது அவரது நெடுநாளைய வழக்கம். அவர் திடீரெனக் கதவோரத்தில், கடைசி ஸஃப்பில் அமரத் தொடங்கினார். குத்பா முடியும்வரை சிறுநீரை அடக்கிக்கொள்ள அவரால் இயலவில்லை. இதனை அவர் வீட்டாரிடமும் கூறவில்லை. இரவில் நான்கு தடவை எழுந்து செல்வதையும், கட்டிலருகே தண்ணீர்ப் போத்தல் வந்து சேர்ந்ததையும் மனைவிதான் கவனித்தார். இரத்தத்தைச் சோதித்துப் பார்க்கும்படி மகன் வற்புறுத்தியபோது, "பாத்தாத்தானே வருத்தம், பாக்காட்டி ஒன்டுமில்ல" என்று பதில் வந்ததாம்.

சிரிக்காதீர்கள். நம்மில் பலர் வாய்விட்டுச் சொல்லாமல் மனத்திற்குள் வைத்திருக்கும் பதில் இதுவேயாகும்.

நீரிழிவு உள்ளவருக்கு ஏன் சிறுநீர் அதிகமாகப் போகின்றது என்பதை முதலில் விளங்கிக்கொள்வோம். நமது சிறுநீரகங்கள் இரத்தத்தை வடிக்கும்போது அதிலுள்ள சீனியை வீணாக்காமல் திரும்ப எடுத்துக்கொள்கின்றன. ஆனால் இந்த ஆற்றலுக்கு ஓர் எல்லையுண்டு. 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் சீனி ஏறத்தாழ 180 மில்லிகிராமைத் தாண்டும்போது, மிகுதி சிறுநீரோடு வெளியேறத் தொடங்குகின்றது. சீனி தனியாகச் செல்வதில்லை. உடலின் நீரையும் இழுத்துக்கொண்டே செல்கின்றது. அதனால் தாகம் எடுக்கின்றது. ஆகவே, "தண்ணீரை அதிகம் குடிப்பதால்தான் இப்படிப் போகின்றது" என்று கருதித் தாகத்தோடு படுத்துக்கொள்வது பெருந்தவறாகும். தாகம் நோயின் விளைவு, காரணமன்று.

நமது முன்னோர் சிறுநீரில் எறும்பு மொய்க்கின்றதா என்று பார்த்தார்கள். இந்நோயைப் பற்றி இப்னு ஸீனாவும் தமது அல்கானூன் என்ற மருத்துவ நூலில் எழுதியிருக்கிறார். 1776ஆம் ஆண்டில் மத்தேயு டொப்சன் என்ற ஆங்கில வைத்தியர் நோயாளியின் சிறுநீரை வற்றவைத்து, எஞ்சியது சீனியே எனக் காட்டினார். எனவே எறும்புக் கதை வெறும் மூடநம்பிக்கையன்று. ஆயினும் அதை நம்பி இன்று நிம்மதியடைய முடியாது. வெறும் வயிற்றில் 140 உள்ளவருக்கு நீரிழிவு இருக்கின்றது. அதே வேளை அவரது சிறுநீரில் சீனியே இல்லாதிருக்கலாம். எறும்பு வரவில்லை, சிறுநீர்ப் பட்டியில் நிறம் மாறவில்லை என்பன நோய் இல்லை என்பதற்குச் சான்றாகா. இரத்தம்தான் சான்று.

இனி, இதற்கு நேர்மாறான ஒரு கூட்டத்தாரிடம் வருவோம். இளைஞர்களே, உங்களையே குறிப்பிடுகின்றேன். வாப்பாவுக்கோ பெரியம்மாவுக்கோ சீனி வியாதி என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து கழிவறைக்குச் செல்லும் ஒவ்வொரு தடவையும் நிறத்தைப் பார்க்கிறீர்கள், நுரையைப் பார்க்கிறீர்கள், எத்தனை தடவை என்று எண்ணுகிறீர்கள். எண்ணத் தொடங்கியதும் எண்ணிக்கை கூடுகின்றது. பதற்றமே சிறுநீரை அடிக்கடி வரச்செய்யும். வுழூ நிலைத்ததா, முறிந்ததா என்ற வஸ்வாஸும் சேர்ந்துகொண்டால் தொழுகையும் நிம்மதியற்றதாகின்றது.

நிறம் கடும் மஞ்சளாகின்றதா? பெரும்பாலும் நீர் குறைவாகக் குடித்திருப்பீர்கள். நோன்பு நாட்களில் அஸருக்குப் பின் எவருக்கும் அப்படித்தான் இருக்கும். பளிச்சென்ற மஞ்சள், விற்றமின் பீ மாத்திரையால் வருவதுண்டு. பீற்றூட் சாப்பிட்ட மறுநாள் சிவந்திருந்தால் திடுக்கிட வேண்டாம். ஆனால் காரணமின்றிச் சிவந்தால் அது இரத்தமாக இருக்கலாம், வைத்தியரிடம் செல்லுங்கள். எரிவோடு அடிக்கடி போனால் கிருமித் தொற்றாக இருக்கலாம். வேகமாகப் போகும்போது தோன்றி மறையும் நுரை பெரிதல்ல. நாள்தோறும் நிலைத்து நிற்கும் நுரை, புரதம் வெளியேறுவதைக் காட்டக்கூடும். அதனைச் சோதிக்க வேண்டும். இரவு பத்து மணிக்கு இரண்டு கோப்பை பிளேன்டீ குடித்துவிட்டு நள்ளிரவில் எழுவது நோயன்று!

நீரிழிவின் அறிகுறிகள் பெரும்பாலும் கூட்டமாக வருபவை. ஓயாத தாகம், அதிக அளவில் சிறுநீர், பசித்துச் சாப்பிட்டும் மெலிதல், களைப்பு, பார்வை மங்கல், ஆறாத புண் ஆகியவற்றுள் சில ஒன்றுசேர்ந்தால் தாமதிக்க வேண்டாம். ஆனால் பலருக்கு எந்த அறிகுறியும் இன்றியே பல்லாண்டுகள் கழிகின்றன என்பதும் உண்மை. அதனாற்றான் கழிவறையில் நின்று முடிவு செய்ய முடியாது என்கின்றேன். நமது தெற்காசிய மக்களுக்கு இந்நோய் இளவயதிலேயே, அதிகம் பருமனில்லாத உடலிலும் வந்துவிடுகின்றது. குடும்பத்தில் இருந்தால் ஒரு தடவை சோதியுங்கள். முடிவு நன்றாயிருந்தால் எண்ணுவதை விட்டுவிட்டு வேலையைப் பாருங்கள்.

பெற்றோரே, இப்போது கூறப்போவதை மட்டும் தயவுசெய்து சற்று நின்று கேளுங்கள். படுக்கையை நனைக்கும் பழக்கத்தை எப்போதோ விட்ட பிள்ளை மீண்டும் நனைக்கின்றது. இரவில் எழுந்து தண்ணீர் கேட்கின்றது. பாடசாலைச் சட்டை தொளதொளக்கின்றது. உம்மா ஏசுகிறார், வாப்பா, "இந்த வயசிலயுமா?" என்று வெட்கப்படுத்துகிறார்; மூத்தம்மா கண்ணூறு என்று கூறித் தண்ணீர் ஓதிக் கொடுக்கிறார். ஓதுவதை நான் தடுக்கவில்லை. ஆனால் அன்றைய தினமே அப்பிள்ளையை வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். இன்சுலின் சுரப்பு அற்றுப்போகும் முதலாம் வகை நீரிழிவு சிறுவர்களுக்கும் வரும். அது சில நாட்களுக்குள், சில வாரங்களுக்குள் முற்றிவிடும். வாந்தி, வயிற்றுவலி, ஆழ்ந்து வேகமான மூச்சு, மூச்சில் பழவாடை, மயக்கம் ஆகியன தோன்றினால் நள்ளிரவாயினும் காத்திராதீர்கள். 1922 ஜனவரியில் டொரொன்டோ நகரில் லெனார்ட் தொம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு முதன்முதலில் இன்சுலின் ஏற்றப்படும்வரை, இந்நோய் வந்த பிள்ளையின் மரணத்தைத் தடுக்க எவராலும் இயலவில்லை. இன்று இயலும். தாமதித்தால் மட்டுமே கைநழுவும்.

சிலர், "பொம்புளப் புள்ளைக்கு இருக்குதென்டு தெரிஞ்சா கலியாணம் பேச வருவாங்களா?" என்று மறைக்கின்றனர். மறைத்து வைத்த ஊசியோடு புகுந்த வீட்டில் அப்பிள்ளை என்ன பாடுபடும் என்பதையும் அவர்கள் யோசிக்க வேண்டும்.

நோய்க்கு மருந்து தேடுமாறு நபி (ஸல்) அவர்கள் ஏவியிருக்கிறார்கள். நோயாளிக்கு நோன்பில் சலுகை அல்குர்ஆனிலேயே உண்டு. ஆகவே நோய் இருப்பதாகத் தெரியவந்தால் நோன்பு போய்விடுமே என்று அஞ்சிச் சோதனையைத் தள்ளிப்போடுவதற்கு இடமில்லை. மருந்து பாவிப்போர் ரமழானுக்குச் சில வாரங்களுக்கு முன்பே வைத்தியரிடம் கேட்டுக்கொள்ளட்டும். நோன்போடு விரலில் ஒரு துளி இரத்தம் எடுத்துப் பார்ப்பதால் நோன்பு முறியாது என்பதே பெரும்பாலான உலமாக்களின் கருத்து. சீனி 70க்குக் கீழ் இறங்கினால் நோன்பை விடுவதே மருத்துவர்களின் அறிவுறுத்தலாகும்.

சோதனை எளியது. எட்டு மணித்தியாலம் உண்ணாதிருந்த பின் எடுக்கும் இரத்தத்தில் 100க்குக் கீழ் என்றால் நன்று. 100 முதல் 125 வரை எச்சரிக்கை. உணவையும் நடையையும் திருத்த இதுவே ஏற்ற காலம். 126 அல்லது அதற்கு மேல் என்றால் நீரிழிவு. அறிகுறி இல்லாதவருக்கு மீண்டும் ஒரு தடவை சோதித்தே உறுதி செய்வர். மூன்று மாத நிலையைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. சோதனையில் 6.5 வீதம் எல்லையாகும். 2011 முதல் அரசாங்க வைத்தியசாலைகளோடு இணைத்து அமைக்கப்பட்ட ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்களில் 35 வயதைக் கடந்தோருக்குக் கட்டணமின்றிச் சோதிக்கின்றனர்.

அந்தப் பெரியவர் இறுதியில் மகனோடு சென்றார். 212 என்று வந்தது. அன்று அவர் எவரோடும் பேசவில்லை என்றும், மறுநாள் தாமாகவே கிளினிக் புத்தகத்திற்கு உறை போட்டார் என்றும் மகன் கூறினார்.

செல்பவர்களுக்கு ஒரு சிறு குறிப்பு. இஷாவுக்குப் பின் சாப்பிட்டு முடித்துவிடுங்கள். காலையில் வெறும் தண்ணீர் குடிக்கலாம், தேநீர் கூடாது. சுபஹ் தொழுதுவிட்டு நேரே செல்லுங்கள், வரிசை நீளும். வாப்பாவை அழைத்துச் செல்லும் மகன் தன் கையையும் நீட்டிவிட்டு வரட்டும். பாணும் தேநீரும் வீட்டிலிருந்தே எடுத்துச் சென்றால், இரத்தம் கொடுத்த பின் இருவரும் அங்கேயே இருந்து சாப்பிடலாம்.