வயிறில்லாத காளான் செரிப்பது எப்படி?

(செந்துறை வட்டார வள மையத்தில் அறிவியல் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரை)



இடி இடித்து மழை பெய்த மறுநாள், நம் பகுதிப் பிள்ளைகள் முந்திரிக் காட்டுப் பக்கம் புற்றுக் காளான் தேடிப் போவது உங்களுக்குத் தெரியும். அப்படிப் போய் வந்த எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டாள்: "சார், காளானுக்கு வாயும் இல்ல, வயிறும் இல்ல. அது எப்படிச் சாப்பிடுது?" பச்சையம் இல்லை, சாறுண்ணி என்று சொல்லி முடித்தேன். அவள் முகம் தெளியவில்லை.

நாம் உண்டபின் செரிக்கிறோம். காளான் செரித்தபின் உண்கிறது. அதன் இழைகள் நொதிகளை வெளியே சுரந்து, வைக்கோலை அங்கேயே சிறு மூலக்கூறுகளாக உடைத்துப் பிறகு உறிஞ்சுகின்றன. நாம் சமைக்கும் குடைப் பகுதியிலும் புரதத்தை உடைக்கும் புரோட்டியேஸ் உண்டு. ஜப்பானில் மைடாக்கே காளானைப் பச்சையாக முட்டைக் கலவையில் போட்டு அவித்தால் கலவை உறையாது. காளானை முதலில் வேகவைத்துவிட்டால் உறையும். ஆட்டுக்கறி சீக்கிரம் வேகப் பப்பாளிக்காய்த் துண்டு போடுகிறோமே, அங்கும் இதே வேலைதான். பூஞ்சை நொதி மருந்தாகவும் ஆகியிருக்கிறது: 1894இல் ஜோகிச்சி தகமினே ஒரு பூஞ்சையிலிருந்து மாவுப்பொருளைச் செரிக்கும் நொதியை எடுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார்.

இதை வகுப்பில் காட்ட நினைத்தேன். கடையில் வாங்கிய சிப்பிக் காளான் 50 கிராம், குளிர்ந்த நீர் 50 மில்லி. பனிக்கட்டி மேல் வைத்த கிண்ணத்தில் நசுக்கி, வெள்ளைத் துணியில் வடித்தோம். பாதிச் சாற்றை 10 நிமிடம் கொதிக்கவைத்து ஆறவிட்டோம். (காட்டுக் காளான் வேண்டவே வேண்டாம். நச்சுக் காளானைப் பார்த்த அளவில் பிரித்தறிய நம்மால் முடியாது.)

முதல் முறை தோற்றது என்னால்தான். ஜெலாட்டின் கிடைக்காததால் சைனா கிராஸ் காய்ச்சி உறையவைத்து அதன்மேல் சாற்றை விட்டேன். மறுநாளும் அப்படியே இருந்தது. "சைனா கிராஸ் புரதமா சார்?" என்று ஒரு பையன் கேட்ட பிறகே உறைத்தது. அது கடற்பாசியிலிருந்து வரும் கார்போஹைட்ரேட். புரோட்டியேஸ் அதை என்ன செய்யும்?

அடுத்து, வீடுகளில் கிடந்த பழைய எக்ஸ்ரே படங்களைக் கொண்டுவரச் சொன்னேன். அவற்றின் கறுப்பு வெள்ளித் துகள்கள் ஜெலாட்டின் படலத்தில் பதிந்திருக்கும். ஜெலாட்டின் புரதம், அது கரைந்தால் கறுப்பும் கழுவிப் போகும். பல படங்களில் இரு பக்கமும் படலம் உண்டு, ஆகவே புள்ளி முழுதும் தெளியாது, வெளிறும். இப்போதைய டிஜிட்டல் படங்களை இதற்கு நம்பவேண்டாம். தண்ணீர், அன்னாசிச் சாறு, பச்சைக் காளான் சாறு, கொதித்த சாறு என நான்கு சொட்டுகள். காயாமல் இருக்க ஈரத்துணியோடு டிபன் பாக்ஸில் மூடிவைத்தோம். கழுவியபோது அன்னாசிப் புள்ளி பளிச்சென்று தெரிந்தது; காளான் புள்ளி மங்கலாக.

ஒரு குழுவில் மட்டும் கொதித்த சாற்றின் இடமும் லேசாக வெளிறியிருந்தது. குழுத் தலைவன் பதிவேட்டில் 'மாற்றமில்லை' என்று எழுதிவிட்டான். மதிப்பெண் போய்விடும் என்ற பயம். அந்தப் பயத்தை அவனுக்குக் கொடுத்தது யார் என்று எனக்குத் தெரியும். எத்தனை ஆண்டுகள் 'சரியான' முடிவுக்கு மட்டும் மதிப்பெண் போட்டிருக்கிறேன்! அடித்துவிட்டு, கண்டதை எழுதச் சொன்னேன். பிறகு காரணம் தேடினோம். பச்சைச் சாற்றுக்கும் கொதித்த சாற்றுக்கும் ஒரே சொட்டுக்குழாய்! தனித்தனிக் குழாயில் மறுபடி செய்தபோது கொதித்த சாறு எதையும் கரைக்கவில்லை. இரண்டு முடிவுகளும் இப்போது அவன் பதிவேட்டில் இருக்கின்றன.

இன்னொன்று. நம்மிடம் இருப்பது கச்சா சாறுதான்; 'நொதியைப் பிரித்தெடுத்தோம்' என்று எழுதக்கூடாது. ஆய்வகத்தில் சாற்றை மையவிலக்கியில் சுழற்றி, அம்மோனியம் சல்பேட்டால் புரதங்களை வீழ்படிவாக்கி, டயாலிசிஸ் மூலம் உப்பை நீக்கி, நிறப்பிரிகைக் கம்பத்தில் ஒவ்வொன்றாகப் பிரிப்பார்கள். அதன் பிறகே எந்த வெப்பத்தில், எந்த அமிலத்தன்மையில் அந்த ஒரு நொதி நன்றாக வேலை செய்கிறது என்று அளக்க முடியும்.

அந்த மாணவி அடுத்த கேள்வியோடு வந்துவிட்டாள்: "சிப்பிக் காளானுக்கு நாம வைக்கோல் போடுறோம். புற்றுக் காளானுக்கு யார் சார் போடுறா?" கறையான் என்றேன். இலை, மரத்துணுக்குகளை மென்று புற்றுக்குள் பாத்தி அமைத்து அந்தப் பூஞ்சையை வளர்ப்பது கறையான்தான். அவள் நம்பவில்லை.