காண்பதும் காணப்படுவதும்
(காணையில் கூடிய நமது சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் செய்த பிரசங்கம்)



கோவிலுக்குப் போகாமல் வீட்டிலிருந்தபடியே கைப்பேசியில் ஆராதனை காண்பது தகுமா என்பதே இன்று நமக்குக் கொடுக்கப்பட்ட விஷயம். நமது சங்கத்தில் இந்துக்களும் உளர், கிறிஸ்தவர்களும் உளர். கிறிஸ்தவர்களுள்ளும் புதுவை கடலூர் மேற்றிராசனத்தைச் சேர்ந்த கத்தோலிக்கர், ஆற்காடு லுத்தரன் திருச்சபையார், தென்னிந்தியத் திருச்சபையார் எனப் பல பிரிவினர் உளர். ஆதலின் மதவாதம் புரிவதற்கு யாம் இங்கு எழுந்து நிற்கவில்லை. ஒரு சபையாகக் கூடி வாழும் ஜனங்களுக்கு இவ்வழக்கத்தினால் விளையும் நன்மை தீமைகளையே ஆராயப் புகுந்தோம்.

இவ்வழக்கம் நம்மிடையே பரவிய வரலாறு யாவரும் அறிந்ததே. 2020ஆம் வருஷம் மார்ச்சு மாதம் 25ஆம் தேதி முதல் கொரோனா நோயின் பொருட்டுத் தேசமெங்கும் ஊரடங்கு விதிக்கப்பட்டது. கோவில்களும் மசூதிகளும் மாதா கோவில்களும் ஒருங்கே அடைபட்டன. ஏப்ரல் 10ஆம் தேதி பெரிய வெள்ளிக்கிழமை வந்தது. 12ஆம் தேதி உயிர்த்த ஞாயிறு வந்தது. கோவிற்கதவு மட்டும் திறக்கவில்லை. உரோமாபுரியில் அக்காலத்துப் பாப்பரசர் பிரான்சிஸ், மார்ச்சு 27ஆம் தேதி மழை பெய்யும் அந்தி வேளையில், ஆளற்ற பேதுரு சதுக்கத்தில் தன்னந்தனியே நின்று உலகத்திற்காக மன்றாடியதை நாம் வீட்டுத் திண்ணையிலிருந்து கண்டோம். இலட்சக்கணக்கானோர் கால்நடையாய்ச் செல்லும் வேளாங்கண்ணித் திருவிழாவும் அவ்வருஷம் யாத்திரிகரின்றியே நடைபெற்றது. தமிழ்நாட்டில் செப்டம்பர் 1ஆம் தேதி ஆலயங்கள் பொதுவாகத் திறக்கப்பட்டன. மறுவருஷம் இரண்டாம் அலையில் மீண்டும் அடைபட்டு, 2021 ஜூலை 5ஆம் தேதி மீண்டும் திறந்தன. கதவு திறந்தது, ஆனால் போனவர்களில் சிலர் திரும்பி வரவில்லை. அவர்களைக் குறித்ததே இப்பேச்சு.

தொலைவிலிருந்து ஆராதனையில் பங்கு கொள்ளுதல் நேற்றுத் தோன்றிய புதுமையன்று. அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரத்துக் கால்வாரி ஆலயத்தின் ஆராதனை 1921ஆம் வருஷம் ஜனவரி 2ஆம் தேதியே வானொலியில் ஒலிபரப்பாயிற்று. அதற்கும் எழுநூறு ஆண்டுகட்கு முன் வாழ்ந்த அர்ச். கிளாரம்மாள், நோயுற்றுப் பாயோடு கிடந்தபோது, கோவிலில் நடந்த பூசையைத் தம் அறையிலிருந்தே கண்டதாகச் சரிதம் கூறும். அக்காரணம் பற்றியே 12ஆம் பத்திநாதர் என்னும் பாப்பரசர் அவ்வம்மையைத் தொலைக்காட்சிக்குப் பாதுகாவலியாக ஏற்படுத்தினார். அவ்வம்மை எந்நிலையிலிருந்து பூசை கண்டார் என்பதைக் கவனியுங்கள். எழுந்து நடக்க இயலாத நிலையில் கண்டார். நடக்க இயன்ற காலத்தில் நடந்து சென்றே கண்டார்.

ஆகவே இயலாதவர்களுக்கு இச்சாதனம் பெரிய உபகாரம் என்பதில் ஐயமில்லை. நம்மூர்ப் பிள்ளைகளிற் பலர் வளைகுடா நாடுகளில் உழைக்கிறார்கள். சவூதி அரேபியாவில் பகிரங்கமான மாதா கோவில் ஒன்றேனும் கிடையாது. அங்குள்ள ஒருவன் தன் சொந்த ஊர்ப் பூசையைக் கைப்பேசியில் காணும்போது, தன் தாயார் பாடும் பாட்டையும் கேட்கிறான். அதனைக் குறை கூற யார் துணிவர்?

இயன்றவர் விஷயமோ வேறு. இதனை எமது சொந்த அனுபவத்தால் விளக்குவோம். எங்கள் தெருவில் மூதாட்டி ஒருவர் தனியே வசித்து வந்தார். தெருவார் யாவரும் ஆயா என்றே அழைப்போம். பெண்கள் பக்கத்தில் முதல் தூணடியில் அவருடைய பாய் விரிந்திராத ஞாயிற்றுக்கிழமை அருமை. ஊரடங்கின்போது பேரன் கைப்பேசி ஒன்று வாங்கிக் கொடுத்தான். கோவில் திறந்த பின்னும், முழங்கால் நோகிறது, இதிலேயே பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி வீட்டில் தங்கிவிட்டார். நாங்களும் சரி என்றோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியலில் பால்காரர் பால் ஊற்றிப் போனபின், ஆயா கொல்லைப்புறத்தில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தார். கைப்பேசி உள்ளே கட்டிலண்டை கிடந்தது. அன்று கோவிலுக்குப் போகும்போது ஒரு தரமும் வரும்போது ஒரு தரமும் அவர் வாசலைக் கடந்தோம். கதவு சாத்தியிருந்தது. பூசை பார்க்கிறார், தொந்தரவு செய்யலாகாது என்று எண்ணிப் போய்விட்டோம். மறுநாள் விடியலில் அதே பால்காரர்தாம் முனகல் கேட்டுக் கதவைத் தள்ளினார்.

ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தபோது ஆயா எங்களை வையவில்லை. "நான் கோவிலுக்கு வந்துகொண்டிருந்தால், ஞாயிற்றுக்கிழமை மத்தியானமே யாராவது தேடி வந்திருப்பீர்களே, அப்பா" என்று மட்டும் சொன்னார். அச்சொல் இன்றளவும் எம் நெஞ்சை விட்டு நீங்கவில்லை.

சகோதரர்களே! கத்தோலிக்க முன்னோர் பூசைக்குப் போவதைப் "பூசை காண்பது" என்றனர். காணை என்னும் ஊரில் நின்று காண்பதைப் பற்றிப் பேசுவதும் பொருத்தமே. காண்பது மட்டுமே கருத்தானால் கைப்பேசி போதும்; கோவிலின் கடைசி வரிசையில் நிற்பவனைக் காட்டிலும் அதில் நன்றாய்த் தெரியும். ஆனால் கோவிலுக்குச் செல்வோன் காண்பதோடு நில்லாமல் பிறரால் காணப்படுகிறான். அவன் வரவை ஊர் அறிகிறது, வராமையையும் அறிகிறது. மெலிந்தவனைப் பார்த்து, உடம்புக்கு என்ன என்கிறார்கள். முகம் வாடிய பெண்ணைப் பார்த்து, மருமகன் எப்படி என்கிறார்கள். வெற்றிடம் ஒன்று கண்ணிற் பட்டால் யாரேனும் ஒருவர் அவ்வீட்டுக்கு நடந்து போகிறார். கைப்பேசிக்கு முன் அமர்ந்தவனை ஒருவரும் காண்பதில்லை. பாப்பரசர் பிரான்சிஸும், கோவில்கள் அடைபட்டிருந்த 2020 ஏப்ரல் 17ஆம் தேதியன்றே, இது நெருக்கடிக் காலத்து வழியேயன்றித் திருச்சபையாகாது என்றும், ஜனங்களும் தேவதிரவிய அனுமானங்களும் இல்லாத பக்தி அபாயமானது என்றும் எச்சரித்தார்.

இன்னுமொன்று கூறவேண்டும். குலச் சங்கத்தில் இதனைக் கூறாது விடுதல் கோழைத்தனமாம். ஆலயத்தில் நம்மோடு யார் உட்காருவது என்பதைப் பற்றி நம் நாட்டார் செய்த கலகங்கள் அனேகம். திருநெல்வேலிச் சீமை வடக்கன்குளத்துக் கோவிலில் சாதியாரைப் பிரித்து நின்ற சுவர் 1910ஆம் வருஷம் இடிக்கப்பட்டது. அதன்மேல் நீதிமன்றத்தில் வழக்கும் நடந்தது. நமக்கு அணித்தாகிய எறையூரில், 2008 மார்ச்சு மாதத்தில், தனிப்பங்கு கேட்ட தலித் கிறிஸ்தவர்களுக்கும் வன்னியக் கிறிஸ்தவர்களுக்கும் நேர்ந்த கலகத்தில் போலீசார் துப்பாக்கிப் பிரயோகம் செய்ய, இருவர் மாண்டனர். ஒரே பெஞ்சில் அருகருகே உட்காருவது அவ்வளவு கடினமாயிருந்தது. அங்ஙனம் உட்காரக் கற்றுக்கொள்ளும் பள்ளிக்கூடமும் ஆலயமே. அவனவன் தன் வீட்டில் தன் கைப்பேசியோடு இருப்பானாயின், கல்லும் சுண்ணாம்பும் செலவின்றி வீட்டுக்கு வீடு ஒரு சுவர் எழும்பிவிடும். அச்சுவரை இடிக்க எந்தப் பாதிரியாராலும் ஆகாது. நாம் சங்கம் கூடுவது நம்மவர் முன்னேற வேண்டுமென்றே. அண்டை வீட்டானைக் காணாதிருக்கவன்று.

ஆதலின் நமது சங்கத்தார் முன் மூன்று விஷயங்களை வைக்கிறோம். தேக சக்தியுள்ளோர் அவரவர் ஆலயத்துக்கு நேரிற் செல்வாராக. முதியோர்க்கும் நோயாளிகட்கும் வெளிநாட்டார்க்கும் கைப்பேசி ஆராதனை நிறுத்தப்படாதிருப்பதாக. ஆனால் ஆராதனை முடிந்தவுடன் தெருவுக்கு இருவராக நம் இளைஞர் அவ்வுள்ளூர் வீடுகளுக்குச் சென்று, கதவைத் தட்டி, முகம் கண்டு வருவாராக. குருவானவர் நன்மை கொண்டுவரத்தக்க வீடுகள் எவையென்று அவருக்கு அறிவிப்பாராக. தனியே வாழும் முதியோர் பெயர்களை எழுதி வைக்கும் புத்தகம் ஒன்றைச் சங்கம் இம்மாதமே தொடங்குவதாக. அதில் மதபேதம் வேண்டாம்; அமாவாசைக்கு மேல்மலையனூர் போகமுடியாமற்போன பாட்டியின் கதவையும் தட்டுங்கள்.

ஆயா இப்போது கோலூன்றி நடக்கிறார். தூரம் நடக்க இயலாது. கைப்பேசியிலேயே பூசை காண்கிறார். ஆனால் ஞாயிறுதோறும் பூசை முடிந்து வரும் வழியில் நாங்கள் அவர் கதவைத் தட்டுகிறோம். "யார்?" என்று உள்ளிருந்து குரல் வருகிறது. அக்குரலைக் கேட்ட பிறகே எங்களுக்கும் பூசை முடிந்ததாகத் தோன்றுகிறது.